தலையணைக்கு அடியில் திருநீறு

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஐ.சி.யூ. வாசலில் காத்திருப்பவர்களின் பைகளில் வைத்தீஸ்வரன்கோவில் திருச்சாந்து உருண்டை இருக்கும், வேளாங்கண்ணி எண்ணெய் இருக்கும், நாகூரில் ஓதி வாங்கிய கயிறு இருக்கும். சில பைகளில் மூன்றுமே இருக்கும். உயிர் ஊசலாடும்போது எந்தக் கதவையும் தட்டாமல் விட நமக்கு மனம் வராது. உள்ளே விடும் அந்தப் பத்து நிமிஷத்தில், சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு வருகிறோம். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கொண்டு போங்கள், ஒளிக்காதீர்கள். "சிஸ்டர், இதை நெத்தியில வைக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

அதிகக் கவனம் தேவைப்படுவது வாயில் விடும் பொருளில். வென்டிலேட்டரில் இருப்பவருக்குக் குரல்வளை வழியாகக் குழாய் போயிருக்கும். அவரால் விழுங்க முடியாது. பக்கவாதம் வந்தவர் கண் திறந்து பேசினாலும், விழுங்கும் தசைகள் தளர்ந்திருக்கலாம். அவர் வாயில் விடும் ஒரு ஸ்பூன் தீர்த்தம் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். ஓதி ஊதிய தண்ணீரானாலும் வேளாங்கண்ணித் தண்ணீரானாலும் நுரையீரலுக்கு வித்தியாசம் தெரியாது. விழுங்கும் பரிசோதனை முடிந்து "கொடுக்கலாம்" என்று சொல்லும்வரை ஒரு சொட்டை விரலில் தொட்டு நெற்றியில் வையுங்கள், போதும்.

ஆபரேஷனுக்கு முன் 6 மணி நேரம் திட உணவும் 2 மணி நேரம் தண்ணீரும் கூடாது என்பார்கள். பிரசாதமும் அந்தக் கணக்கில் திட உணவுதான். மயக்க மருந்து ஏறியதும் வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கலாம் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. விடியற்காலையில் தெரியாமல் கொடுத்துவிட்டால், திட்டு விழுந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அபிஷேக இளநீரும் வாழைப்பழம் பிசைந்த பஞ்சாமிர்தமும் ஆபத்து. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். கீமோ போட்டு வெள்ளணு குறைந்தவர் பக்கத்தில் துளசி, மாலை, தர்காப் பூ எதுவும் வேண்டாம். பூவிலும் ஈர இலையிலும் இருக்கும் பூஞ்சையைத் தாங்கும் சக்தி அவருக்கு அப்போது இருக்காது.

திருநீற்றை ஊதிப் போடாதீர்கள். கழுத்தில் துளையோ ஊசிக்குழாயோ இருந்தால் தூள் அங்கே போய் உட்காரும். ஈர விரலில் ஒரு சிட்டிகை எடுத்துப் பூசுங்கள். தொடுவதற்கு முன் கிருமிநாசினித் திரவத்தை 20, 30 வினாடி, கை உலரும்வரை தேய்க்க வேண்டும். சூடம், ஊதுபத்தி, அகல் எதற்கும் அங்கே இடமில்லை. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அது நிறைந்த இடத்தில் சின்னப் பொறிகூடப் பெரும் தீயாகும்.

மணிக்கட்டுக் கயிறு, கை வீங்கும்போது இறுகும். கட்டிலின் கம்பியில் கட்டலாமா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் தாயத்தோடு போகக் கூடாது. ஆபரேஷனுக்குத் தாலியைக் கழற்றச் சொன்னால், பலருக்கு நோயைவிட அதுதான் பெரிய கலக்கம். அதை யார் கையில் வாங்கிக்கொள்கிறீர்கள் என்று அவர் கண்முன்னே காட்டுங்கள். வெறும் மஞ்சள் கயிற்றை விட்டுவைக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

மயக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்கக்கூடும் என்று நினைத்தே நடந்துகொள்ளுங்கள். அவருக்குப் பழகிய கவசத்தையோ ஜெபமாலையையோ சூராவையோ வீட்டுக் குரலில் பத்து நிமிஷம் மெதுவாகச் சொல்லுங்கள். இரவு முழுக்க போனில் ஓடவிட்டால் தூக்கம் கெடும். ஐ.சி.யூ.வில் வயதானவர்களுக்கு வரும் புத்தித் தடுமாற்றத்தைத் தூக்கக்கேடு இன்னும் கூட்டும். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில இருக்கீங்க, நான்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டுப் பிறகு ஜெபியுங்கள். "எந்தப் பாவமோ", "யார் கண்ணு பட்டுச்சோ" என்ற பேச்சை வாசலோடு நிறுத்துங்கள். "விசுவாசம் இருந்தா எழுந்திருச்சிடுவ" என்பதும் அதே ரகம்தான். எழ முடியாதவர் தன்னையே குற்றவாளியாக நினைப்பார்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு பழைய பயம் உண்டு. நோயாளிக்குப் பூசச் சாமியார் எண்ணெயோடு வந்தால் கதை முடிந்தது என்று நினைத்து, கடைசி நிமிஷம்வரை அவரை அழைக்கமாட்டார்கள். சாகும் தறுவாயைக் குறிக்கும் "அவஸ்தை" என்று அந்தச் சடங்குக்கு இருந்த பழைய பேர் செய்த வேலை அது. 1972-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்தச் சடங்கைத் திருத்தியமைத்த பிறகு, கடும் நோயில் எப்போது வேண்டுமானாலும், பெரிய ஆபரேஷனுக்கு முன்பும், நோயில்பூசுதலைப் பெறலாம். கையெல்லாம் ஊசியும் டேப்பும் என்றால் நெற்றியில் மட்டும் பூசினாலும் செல்லும். இஸ்லாமியருக்குத் தண்ணீர் ஆகாதபோது, தொழுகைக்கு முன் சுத்தமான மண்ணால் செய்யும் "தயம்மும்" இருக்கிறது. படுத்தபடியே சைகையால் தொழலாம், நோயில் நோன்புக்கும் விலக்கு உண்டு. பிடிவாதம் பிடிக்கும் பெரியவரிடம் டாக்டர் சொல்வதைவிட பள்ளிவாசல் இமாம் போனில் இரண்டு வார்த்தை சொன்னால் வேலை நடக்கும்.

முன்கூட்டியே தேதி குறிக்கும் ஆபரேஷனுக்கு நல்ல நேரம் கேளுங்கள், கொடுப்பார்கள். பக்கவாதத்துக்குக் கேட்காதீர்கள். ராகு காலம் ஒன்றரை மணி நேரம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாகக் கிடைப்பது, கை விழுந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம். அதில் பாதி ஆம்புலன்ஸிலும் ஸ்கேனிலும் போய்விடும்.

கூட இருப்பவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு விரதம் இருக்கும் மனைவி, வராண்டாவில் மயங்கி விழுந்தால் கட்டில் இரண்டாகும்.

இனி மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், விதிகளும் மாறும். அதுவரை மறுக்கப்பட்ட தீர்த்தத்தை அப்போது கேளுங்கள். தலையைச் சற்று உயர்த்தி, கங்கை ஜலத்தில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் உதட்டை ஒற்ற விடுவார்கள். வறண்ட வாய்க்கு நர்ஸ்கள் செய்யும் பணிவிடையும் அதேதான். இஸ்லாமியர் என்றால் கலிமாவைக் காதருகே மெல்லச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம்.