ஃப்ரீசர்ஃபர்: உப்பின மூளைப் படத்தை நம்பறதுக்கு முன்னாடி கோட்டைப் பாருங்க

வணக்கம் மக்களே. எம்ஆர்ஐ ஸ்கேன்லேர்ந்து மூளையோட மேற்பரப்பை, அதாவது கார்டெக்ஸை, ஃப்ரீசர்ஃபர்ங்கற சாஃப்ட்வேர் வச்சு எப்படி எடுக்கறதுன்னு இன்னைக்குப் பார்க்கலாம். ஓட விடறது ஒரே வரி. வந்தது சரியான்னு பார்க்கறதுலதான் வேலையே இருக்கு.

விண்டோஸ்ல இது நேரடியா ஓடாது. லினக்ஸ் இல்ல மேக் வேணும், இல்லன்னா விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் போட்டுக்கணும். 8 ஜிபி ராம் இருக்கட்டும். ஸ்கேன் டி1 வகையா இருக்கணும், அதாவது வெள்ளைப் பொருள் பிரகாசமாத் தெரியற எம்ஆர்ஐ, 1 மில்லிமீட்டர் அளவுல எடுத்தது. கமாண்ட் இதுதான்: ரீகான்-ஆல், ஹைஃபன் எஸ் போட்டு ஆளோட கோட் நம்பர், ஹைஃபன் ஐ போட்டு ஸ்கேன் ஃபைல், கடைசியா ஹைஃபன் ஆல். பேஷண்ட் பேரை அங்க போடாதீங்க, அது எல்லா லாக் ஃபைலுக்குள்ளயும் போய் உட்கார்ந்துக்கும். பல மணி நேரம் ஓடும். பாதில நின்னுபோச்சுன்னு திரும்ப ஓட்டும்போது ஹைஃபன் ஐ-யைச் சேர்க்காதீங்க. அந்த ஆளோட ஃபோல்டர் ஏற்கனவே இருக்குன்னு எரர் காட்டி நின்னுடும்.

முடிஞ்சதும் எல்லாரும் முதல்ல திறக்கறது இன்ஃப்ளேட்டட் சர்ஃபேஸ். பலூன் மாதிரி உப்பி, மடிப்பெல்லாம் விரிஞ்சு, பார்க்க ரொம்ப அழகா இருக்கும். ஆனா தப்பு நடந்த மூளையும் அதே அழகோடதான் உப்பி நிக்கும். அதனால முதல்ல ஃப்ரீசர்ஃபரோட படம் பார்க்கற புரோகிராமான ஃப்ரீவ்யூல, மண்டை ஓட்டை நீக்கின மூளைப் படமான பிரெய்ன்மாஸ்க் வால்யூமைத் திறந்து, அது மேல ரெண்டு கோட்டைப் போடுங்க. இங்க கார்டெக்ஸுக்கு உள்ள இருக்கற வெள்ளைப் பொருளோட எல்லைக்கு மஞ்சள், கார்டெக்ஸோட வெளி எல்லையான பியலுக்குச் சிவப்பு. கரோனல் வியூல, அதாவது முன்னாடிலேர்ந்து பார்க்கற வெட்டுல, ஒவ்வொரு ஸ்லைஸா நகர்த்துங்க.

இதோ, டெம்போரல் போல், அதாவது மூளையோட பக்கவாட்டு மடலோட முன் நுனி கிட்ட வந்தாச்சு. கொஞ்சம் பெரிசாக்கறேன். வெள்ளைப் பொருள் மெல்லிசா ஒரு நூல் மாதிரி நுனி வரைக்கும் போகுது பாருங்க. மஞ்சள் கோடு அது கூடவே போகாம பாதிலயே திரும்பிடுச்சு. ஏன்? ஃப்ரீசர்ஃபர் வெள்ளைப் பொருளோட பிரகாசத்தை 110-க்குக் கொண்டுவரப் பார்க்கும். கர்சரை அந்த நூல் மேல வச்சா 90 சொச்சம்தான் காட்டுது. மங்கலா இருக்கறதால அதைச் சாம்பல் பொருள்னு, அதாவது கார்டெக்ஸ்னு எடுத்துக்கிச்சு.

இதுக்கு மருந்து கன்ட்ரோல் பாயின்ட், அதாவது இது வெள்ளைப் பொருள்தான்னு நாம குறிச்சுக் காட்டற புள்ளி. நிச்சயமா வெள்ளைப் பொருள்தான், ஆனா 110-ஐ விடக் குறைவா இருக்குன்னு தெரிஞ்ச இடத்துல மட்டும், நடு உள்ளே, நாலஞ்சு ஸ்லைஸ்ல பரவலா வைங்க. ஓரத்துல வச்சா பக்கத்துச் சாம்பலும் சேர்ந்து பிரகாசமாகி, கோடு அந்தப் பக்கம் வெளியே போயிடும். சேவ் பண்ணிட்டு ரீகான்-ஆலை ஆட்டோரீகான்2-சிபி, ஆட்டோரீகான்3 ஆப்ஷனோட திரும்ப ஓட்டுங்க. பிரகாசம் 110 சரியா இருந்தும், வெள்ளைப் பொருளை மட்டும் பிரிச்சு எடுத்த டபிள்யூஎம் வால்யூம்ல ஓட்டை தெரிஞ்சா பாயின்ட் உதவாது. அங்க பிரஷ்ஷை 255-ல வச்சு நிரப்பிட்டு, ஆட்டோரீகான்2-டபிள்யூஎம், அப்புறம் ஆட்டோரீகான்3.

சிவப்புக் கோடு மூளையை மூடியிருக்கற டியூரா உறையைப் பிடிச்சுக்கிட்டா, அந்த இடத்துல கார்டெக்ஸோட தடிமன் பொய்யா ஏறும். கார்டெக்ஸ் சராசரியா 2.5 மில்லிமீட்டர்தான், ஒரு திட்டு மட்டும் 4, 5-னு மின்னினா முதல்ல அங்க போய்ப் பாருங்க. பிரெய்ன்மாஸ்க்ல ஒட்டியிருக்கற டியூராவை அழிச்சிட்டு ஆட்டோரீகான்-பியல் ஓட்டினா போதும். ஆனா வெள்ளை எல்லையைச் சரிபண்ணின பிறகுதான் இதுல கை வைக்கணும். மஞ்சள் கோட்டுலேர்ந்து வெளிப்பக்கமா வளர்த்துத்தான் சிவப்பை வரையுது. உள்ள தப்பு இருந்தா வெளியும் தப்பு.

ஆள் நிறைய இருந்தா, சர்ஃபேஸ்ல எத்தனை ஓட்டைன்னு காட்டற ஆய்லர் நம்பரைப் பாருங்க. ஓட்டைகளை அடைக்கறதுக்கு முந்தின சர்ஃபேஸ்ல எடுக்கணும். கணக்கு, 2-லேர்ந்து ஓட்டை எண்ணிக்கையோட ரெண்டு மடங்கைக் கழிக்கறது. மைனஸ் 40 வந்தா 21 ஓட்டை. ஸ்கேன்ல தலை ஆடியிருந்தா இந்த எண் ரொம்பக் கீழே இறங்கும். அந்த ஸ்கேன்களை முதல்ல திறந்து பாருங்க.

இனி கனெக்டோம் ஒர்க்பெஞ்ச், மூளைச் சர்ஃபேஸைப் பார்க்கற இன்னொரு சாஃப்ட்வேர். ஃப்ரீசர்ஃபர் சர்ஃபேஸைக் கிஃப்டிங்கற ஃபைல் வடிவத்துக்கு மாத்திக் கொண்டுபோனா, வால்யூமை விட்டு நகர்ந்து உட்காரும். ஃப்ரீசர்ஃபர் தன்னோட சொந்த ஆயத்தொலைவுல சர்ஃபேஸை வைக்கறதுதான் காரணம். மாத்தற கமாண்டான எம்ஆர்ஐஎஸ் கன்வெர்ட்ல டூ-ஸ்கேனர் ஆப்ஷன் போட்டா சரியாப் பொருந்தும்.

மெஷ்ஷும், அதாவது சர்ஃபேஸை உருவாக்கற புள்ளி வலையும், வேற. ஃப்ரீசர்ஃபரோட பொது மாதிரி மூளையான எஃப்எஸ்ஆவரேஜ்ல ஒரு பக்க மூளைக்கு 163842 புள்ளி, ஒர்க்பெஞ்ச்ல பரவலாப் புழங்கற எஃப்எஸ்-எல்ஆர் 32கே மெஷ்ல 32492. புள்ளி எண்ணிக்கை ஒத்துவரலைன்னு எரர் வந்தா ஃபைல் கெட்டுப்போகலை, ஒரு மெஷ்லேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தற ரீசாம்பிளைப் பண்ணாம விட்டிருப்பீங்க. பழைய மெஷ், புது மெஷ் ரெண்டோட ஸ்ஃபியரையும், அதாவது கோள வடிவ சர்ஃபேஸையும், கொடுத்து ரீசாம்பிள் பண்ணுங்க. இடது மூளையோட ஸ்ஃபியரை வலதுக்குக் கொடுத்துடாதீங்க, புள்ளி எண்ணிக்கை ஒண்ணா இருந்தா எரர் வரும்னு நம்பி இருக்க முடியாது.

உங்க ஸ்கேன்ல எங்க கோடு தப்புதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. எந்தப் பகுதி, அங்க பிரகாசம் எவ்வளவு, இந்த ரெண்டையும் சேர்த்து எழுதினா பதில் சொல்ல முடியும்.