‘உம்ம்ம்’ போய்விட்டது: சாலைக்கு ஒரு காது, மேசைக்கு ஒரு காது

ஒரு நிமிடம் நான் வாயை மூடிக்கொள்கிறேன். நீங்கள் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

...

கேட்டதா? ஒன்றும் கேட்கவில்லை அல்லவா? அதுதான் இந்த வாரத்துச் செய்தி!

போன மூன்று வீடியோக்களிலும் நான் பேசுவதற்குப் பின்னால் ‘உம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. கமெண்டில் ஒருவர், “தேனீ வளர்க்கிறீர்களா?” என்று கேட்டார். இன்னொருவர் ஃப்ரிட்ஜைப் பழுது பார்க்கச் சொன்னார். இந்த அறையில் ஃப்ரிட்ஜே கிடையாது. அது என் ஸ்பீக்கர். ரெக்கார்டு செய்யும்போது அதை அணைக்க மறந்துவிடுவேன், என்னைத்தான் தெரியுமே. இன்று காலை அதன் வாயை அடைத்துவிட்டேன். எப்படி என்று தேவைக்கு மேலேயே சொல்லப் போகிறேன். ஆனால் முதலில் சைக்கிள் கதையை முடிக்க வேண்டும், பாக்கி இருக்கிறது.

போன மாதம் வீராப்பாக ஒரு சவால் விட்டேன். ஒரே இயர்போன், 30 நாள். வேலைக்குச் சைக்கிளில் போகும்போதும் அதுதான், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போதும் அதுதான். பதினோராம் நாளே தோற்றேன். ஏன் தோற்றேன் என்று அன்றைக்குச் சொன்னதில் பாதி தப்பு. இயர்போன் மட்டம் என்று திட்டினேன். இயர்போன் மேல் குற்றம் இல்லை. நான் கேட்டதுதான் நடக்காத காரியம்.

காதுக்குள் செருகுகிற ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் இருக்கும் சிலிகோன் மூடி காதுத் துளையை இறுக அடைத்தால்தான் பாஸ், அதாவது அடித்தாளத்தின் ஆழ்ந்த ஒலி, வரும். கொஞ்சம் இடைவெளி விட்டாலும் தாளமெல்லாம் தகர டப்பா மாதிரி ஆகிவிடும். அதே இறுக்கம்தான் பின்னால் வரும் லாரியின் ஹார்னையும் அடைக்கிறது. அதாவது பாட்டு நன்றாகக் கேட்க எது வேண்டுமோ, அதுவே சாலையில் ஆபத்து. இதை எந்தக் கம்பெனியும் பெட்டி மேல் எழுதாது.

“வெளிச்சத்தத்தை உள்ளே விடும் மோடு இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது. நடந்து போனால் அருமை. சைக்கிளில் ஏறி மிதித்துப் பாருங்கள். வெளிச்சத்தத்தைப் பிடிக்கும் அந்தக் குட்டி மைக்கில் நேராகக் காற்று மோதும். புயலுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரே இரைச்சல். முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால் அடங்கும், ஆனால் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு சைக்கிள் ஓட்டவா முடியும்? இது போதாதென்று, துளையை அடைத்தால் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். மேட்டில் மிதிக்கும்போது யாரோ பின்னால் துரத்திக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். ஒரு முறை நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நான்தான் இரைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே சாலைக்கு இப்போது எலும்பு வழி ரகம். காதுக்கு முன்னால் கன்னத்து எலும்பின் மேல் உட்காரும், காதுத் துளை திறந்தே இருக்கும். அதிர்வு மண்டையோட்டு எலும்பு வழியாக உள்காதுக்குப் போகும். இது ஏதோ மாயம் இல்லை, நம் சொந்தக் குரலையே நாம் பாதி அப்படித்தான் கேட்கிறோம். ரெக்கார்டு செய்து கேட்டால் “இது யார் குரல்?” என்று தோன்றுவது அதனால்தான், ரெக்கார்டில் அந்த எலும்பு வழிப் பங்கு கிடையாது. இந்த வீடியோக்களை எடிட் செய்யும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தத் தண்டனை உண்டு.

பேச்சு கேட்க இது போதும். பாட்டுக்குப் போதாது, பாஸ் இல்லை. சத்தத்தைக் கூட்டினால் பாஸுக்குப் பதிலாகக் கன்னத்தில் கூச்சம்தான் வருகிறது. நான் சாலையில் கேட்பது யாராவது பேசும் நிகழ்ச்சியும், ‘இடது பக்கம் திரும்பவும்’ என்று வழி சொல்லும் குரலும்தான். அதற்கு இது தங்கம். காதின் மேல் கொக்கி போல மாட்டி, துளையைத் தொடாமல் வெளியிலிருந்து ஒலியைத் தூவும் ரகமும் உண்டு. அதில் பாட்டு இதைவிட நன்றாக இருக்கும். ஆனால் என் ஹெல்மெட் வார் அதை உரசி உரசித் தள்ளிவிடுகிறது, எனக்குச் சரிவரவில்லை.

ஹெல்மெட் என்றதும் ஞாபகம் வருகிறது. எலும்பு வழி ரகத்தில் தலைக்குப் பின்னால் ஒரு வளைவு வரும் இல்லையா, அது ஹெல்மெட்டின் பின்பக்கத்து இறுக்கும் திருகில் போய் முட்டும். தலையைத் தூக்கினால் இயர்போன் முன்னால் நகரும், குனிந்தால் பின்னால் வரும். நான்கு நாள் இந்த ஊஞ்சலாட்டம். அப்புறம் மாட்டும் வரிசையை மாற்றினேன். முதலில் இயர்போன், அதன் மேல் கண்ணாடி, கடைசியில் ஹெல்மெட்; வார் எல்லாவற்றுக்கும் வெளியே. வளைவைத் திருகுக்கு மேலே விடாமல் கீழே, பிடரியோடு ஒட்டி விட வேண்டும். இவ்வளவுதான். கழற்றும்போது தலைகீழ் வரிசை. அதை மறந்து ஹெல்மெட்டுக்கு முன்னால் இயர்போனை இழுத்தேன், கண்ணாடி பறந்துபோய்த் தரையில் விழுந்தது. கீறல் இடது பக்கக் கண்ணாடியில். இதோ, தெரிகிறதா? வெளிச்சத்தில் காட்டுகிறேன்.

எலும்பு வழி என்றால் காதுக்குக் கெடுதலே இல்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது தப்பு. செவிப்பறையைத்தான் அது தாண்டிப் போகிறது. கடைசியில் போய்ச் சேருவது உள்காதில் இருக்கும் காக்ளியாவுக்குத்தான். சத்தத்தால் பாழாகும் மெல்லிய மயிர்ச் செல்கள் இருக்கும் இடமே அதுதான். பெரியவர்களுக்கு 80 டெசிபெலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி நேரம்தான். சாலை இரைச்சலை ஜெயிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போனால் துளை திறந்திருந்தும் பயன் இல்லை. எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பேச்சு புரியாத அளவுக்கு வண்டிச் சத்தம் இருந்தால், அந்த இடத்தில் நான் கேட்க வேண்டியது வண்டியைத்தான். நிறுத்திவிடுவேன்.

“ஒரு காதில் மட்டும் போட்டால்?” இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வரும். ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிப்பது, இரண்டு காதுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் சத்த வித்தியாசத்தையும் வைத்து. அந்த நேர வித்தியாசம் ஒரு மில்லி விநாடி கூடக் கிடையாது. ஒரு காதை அடைத்தால் அந்தக் கணக்கே போச்சு. ஹார்ன் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். பிரான்ஸில் 2015 ஜூலையிலிருந்து சைக்கிள் ஓட்டும்போது ஒற்றைக் காதில் இயர்போன் போட்டாலும் அபராதம். கலிஃபோர்னியாவில் இரண்டு காதையும் மூடுவதுதான் தப்பு, ஒன்று பரவாயில்லை. நீங்கள் இருக்கும் இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட, தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமலே தாண்டி வந்துவிட்டேன். பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4 என்று இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். வியர்வைக்கும் தூறலுக்கும் அது போதும். எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். நடுவில் இருக்கும் ‘எக்ஸ்’, தூசிக்குச் சோதனை மதிப்பு எதுவும் தரவில்லை என்பதற்கான குறி. பெரிய எண் இருப்பதால் குழாயடியில் பிடித்துக் கழுவலாம் என்று நினைக்காதீர்கள். பீய்ச்சி அடிக்கும் நீருக்கு 5, 6 என்று தனிச் சோதனை இருக்கிறது, 7 வாங்கியது அதிலும் தேறியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சார்ஜ் செய்யும் டப்பாவுக்குப் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு எதுவுமே இருக்காது. ஈரத்தோடு இயர்போனை அதற்குள் வைத்துத்தான் பழைய ஜோடியின் சார்ஜ் முனைகளைத் துரு பிடிக்க வைத்தேன். இப்போது துடைத்துவிட்டுத்தான் வைக்கிறேன்.

சரி, மேசைக்கு வருவோம்.

பதினோராம் நாள் என்ன ஆயிற்று என்றால், அதே புளூடூத் இயர்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே மீட்டிங்குக்குள் போனேன். உள்ளே போன அந்த நொடியே ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. பேசியவர்கள் எல்லோரும் பழைய டெலிபோனில் பேசுவது போல. நான் இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். ஒரு தடவை ஊதினேன். ஊதியதில் அர்த்தமே இல்லை, தெரியும்.

காரணம் இதுதான். வழக்கமான புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு ஒரு பாதை. பாட்டுப் பாதையில் இரண்டு காதுக்கும் நல்ல தரத்தில் ஒலி வரும், ஆனால் ஒருவழிதான், மைக் ஒலி திரும்பிப் போகாது. மைக் வேண்டும் என்று ஏதாவது ஒரு செயலி கேட்ட உடனே இயர்போன் பேச்சுப் பாதைக்குத் தாவும். அதில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி, அதையும் நொடிக்கு 8,000 தடவைதான் அளந்து அனுப்பும், அதிர்ஷ்டம் இருந்தால் 16,000. சாதாரண சிடியில் 44,100 என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கிணறு வந்தது இப்படித்தான்.

இதற்குத் தீர்வு காசே இல்லாதது. ஒலி அமைப்பில் உள்வரும் மைக்காகக் கம்ப்யூட்டரின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், வெளியே போவதற்கு இயர்போனை வையுங்கள். அவ்வளவுதான், அது பாட்டுப் பாதையிலேயே இருக்கும். இந்த ஒரு வரி தெரியாமல் கம்பெனியைத் திட்டினேன். எல்.இ. ஆடியோ என்ற புதிய முறையில் இந்தத் தொல்லை தீர வழி உண்டு, ஆனால் கம்ப்யூட்டர், இயர்போன் இரண்டுமே அதை ஏற்க வேண்டும். என் கம்ப்யூட்டர் ஏற்காது. அது எதைத்தான் ஏற்றது?

மைக் தொல்லை தீர்ந்தாலும் எட்டு மணி நேரம் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியாது. ஆகவே ஸ்பீக்கர். இங்கே எனக்குக் கோபம் வரும் ஒரு விஷயம் இருக்கிறது: பெட்டி மேல் எழுதும் வாட். பி.எம்.பி.ஓ., அதாவது கண நேர உச்சம், என்று போட்டு 1,000 வாட், 2,000 வாட் என்று எழுதுகிறார்கள். எடுத்துப் பார்த்தால் அது யு.எஸ்.பி.யில் ஓடும் குட்டி ஸ்பீக்கர். சாதாரண யு.எஸ்.பி. துளை கொடுப்பது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்குங்கள், 2.5 வாட். இரண்டரை வாட் உள்ளே போய் ஆயிரம் வாட் வெளியே வந்தால் அதை ஸ்பீக்கர் என்று ஏன் விற்க வேண்டும், மின்நிலையம் என்றே விற்கலாமே! ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய அளவு, என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். அதற்காகவும் உயிரை விட வேண்டாம், வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்க மிகக் குறைந்த வாட்டே போதும்.

வைக்கும் இடம்தான் முக்கியம். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணம். உச்சஸ்தாயிக்கான சின்னக் கூம்பு, ட்வீட்டர், காது உயரத்தில் இருக்க வேண்டும். நான் ஒவ்வொன்றுக்கும் அடியில் தடித்த அகராதி ஒன்று வைத்திருக்கிறேன். சுவர் மூலையில் தள்ளினால் பாஸ் ஊதிப் பெருகும், பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கர் என்றால் இன்னும் மோசம். ஒரு ஜாண் முன்னால் இழுத்துப் பாருங்கள். புது ஸ்பீக்கர் வாங்கிய மாதிரி இருக்கும்.

இப்போது ‘உம்ம்ம்’. காத்திருந்தீர்கள் இல்லையா?

ஸ்பீக்கர் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். பேட்டரியில் ஓடும் போனில் ஸ்பீக்கர் கேபிளைச் செருகினேன். அமைதி. லேப்டாப்பில் செருகினேன். உம்ம்ம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினேன். அமைதி! அந்த இடத்தில் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். சார்ஜருக்கு ஒரு எர்த், ஸ்பீக்கருக்கு ஒரு எர்த், நடுவில் ஆடியோ கேபிள் இரண்டையும் இணைக்கிறது. இப்படி வளையம் உண்டானால் அதில் மெல்லிய மின்னோட்டம் சுற்றும். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60, அப்படியே ஸ்பீக்கரில் முனகலாகக் கேட்கும். கிரவுண்டு லூப் என்பார்கள்.

இரண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினேன், பாதி குறைந்தது. மீதிக்குக் கேபிள் நடுவில் மாட்டும் ஐசொலேட்டர் ஒன்று வாங்கினேன், கட்டைவிரல் அளவு. உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், ஒலி கடக்கும், நேரடிக் கம்பித் தொடர்பு கிடையாது. போயே போய்விட்டது. அடி பாஸ் ஒரு சிட்டிகை குறைந்த மாதிரி தெரிகிறது, மலிவான டிரான்ஸ்ஃபார்மர் அப்படித்தான். நான் பொறுத்துக்கொள்கிறேன். உங்கள் இரண்டு கருவியிலும் ஆப்டிகல் துளை இருந்தால் இதுவும் வேண்டாம். ஒளியில் எர்த் ஓடாது.

கமெண்டில் ஒருவர் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டச் சொல்லியிருந்தார். தயவுசெய்து செய்யாதீர்கள். முனகல் போகும், கூடவே உங்கள் உயிரைக் காக்கும் கம்பியும் போகும். அந்தக் கமெண்டை நீக்கிவிட்டேன், எழுதியவர் மன்னிக்கவும்.

இனி பாக்கி இருப்பது ஒரே ஒரு எரிச்சல். இந்த ஸ்பீக்கரின் முன்னால் ஒரு நீல விளக்கு. இரவில் அறையே மீன் தொட்டி மாதிரி இருக்கிறது. யாருக்கு இது வேண்டும்? கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன். அதையும் தாண்டித் தெரிந்தது. இப்போது மூன்று அடுக்கு. காட்டுகிறேன், விளக்கை அணைக்கிறேன் பாருங்கள்... இன்னும் தெரிகிறதே! நான்காவது அடுக்கு ஒட்டிவிட்டு வருகிறேன்.