கலர் எப்படி மாமா ஓடும்? 'ரன்' என்ற ஒரு வினைச்சொல்லின் கதை

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையலறையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன், ஏனென்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

போன வாரம் அக்கா மகள் வந்திருந்தாள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அக்காவுக்கு எடுத்த மதுரைச் சுங்குடிச் சேலையில் ஒரு சின்ன அட்டை தொங்கியது. இதோ, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், 'கலர் மே ரன்' என்று போட்டிருக்கிறதா? அதைப் படித்துவிட்டு, "கலர் எப்படி மாமா ஓடும், அதுக்குத்தான் காலே இல்லையே" என்று கேட்டாள். சாயம் போகும் என்று அர்த்தம், அவ்வளவுதான் என்று சொல்லி நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. 'ரன் என்றால் ஓடு' என்று ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் ஓடுகிற படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம், அப்புறம் அதே சொல் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு அர்த்தத்தில் வந்து நிற்கும்போது, பிள்ளைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அதுதான் மனசு கேட்கவில்லை.

எத்தனை அர்த்தம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வினைச்சொல்லாக வருகிற 'ரன்'னுக்கு மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒன்பது மாதத்துக்கும் மேலே வேலை பார்த்தார். 2011ல் இந்தச் செய்தி வெளியே வந்தது. அதுவரைக்கும் பெரிய சொல் என்று பெயர் வாங்கியிருந்தது 'செட்', 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள் கொடுத்திருந்தார்கள்.

சரி, இப்போது வேருக்குப் போவோம். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'ரின்னன்' என்றும் 'இர்னன்' என்றும் இரண்டு விதமாகப் புழங்கியது. நாம் தசையைச் சதை என்று எழுத்தை இடம் மாற்றிச் சொல்கிறோம் இல்லையா, அதே மாதிரி. இந்தச் சொல்லில் கால் வைத்து ஓடுவது எவ்வளவு பழசோ, அதே அளவுக்குத் தண்ணீர் ஓடுவதும் பழசு. ஆங்கிலத்துக்குப் பங்காளி மொழியான ஜெர்மனில் இன்றைக்கும் 'ரின்னன்' என்றால் ஒழுகுவது, வழிந்தோடுவது. 'ரின்ன' என்றால் தண்ணீர் போகிற வாய்க்கால், அதற்கு முன்னால் மழை என்ற சொல்லைச் சேர்த்தால், கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் விழுந்து போக மாட்டுகிறோமே அந்தத் தகர வாய்க்காலின் பெயர். ஆங்கிலத்திலும் சின்ன ஓடைக்கு 'ரன்னல்' என்று ஒரு பெயர் இருக்கிறது.

ஓடை என்று சொன்னதும் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். ஓடுவதால் அது ஓடை! நீரோட்டம், ரத்த ஓட்டம் என்று நாமும் நாள் முழுக்கக் கால் இல்லாத ஓட்டத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஃபேன் ஓடுகிறது, ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, பதற்றத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இலங்கைத் தமிழில் வயிற்றுப்போக்கை வயிற்றோட்டம் என்பார்கள், ஆங்கிலத்திலும் பேச்சுவழக்கில் அதற்கு 'தி ரன்ஸ்' என்றுதான் பெயர்.

இதைப் பாருங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து வைத்திருக்கிறேன். இந்தச் சிவப்புச் சேலையின் ஓரத்தை அதன்மேல் வைத்து அழுத்துகிறேன்... கொஞ்சம் பொறுங்கள்... இப்போது எடுக்கிறேன். முதலில் ஒரு புள்ளிதான் இருந்தது, இப்போது நூலைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் மெல்லச் சிவப்பு நகர்கிறது, தெரிகிறதா? ஈரம் போகிற வழியில் சாயமும் கூடவே போகிறது. இதைத்தான் அந்த அட்டை 'ரன்' என்று சொன்னது. போன வாரம் இதையே செய்து காட்டியபோது, அக்கா மகள் பார்த்துக்கொண்டே, "கலர் ஓடல மாமா, தண்ணி ஓடுது, கலர் அதுல ஏறிப் போகுது" என்றாள். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

மூக்கு ஒழுகுவதும் ஆங்கிலத்தில் 'ரன்'தான். நாம் அதற்கு ஒழுகு என்ற சொல்லை வைத்திருக்கிறோம், அந்தச் சொல்லும் சாதாரணமானது இல்லை, ஒழுகுவதிலிருந்துதான் ஒழுக்கம் வந்தது. ஒரு மனிதன் நடந்துகொள்கிற விதத்தையே ஒரு நீரோட்டமாகப் பார்த்திருக்கிறார்கள், எனக்கு நினைத்தாலே சிலிர்க்கிறது. சரி, திரும்பி வருகிறேன்.

இன்னொரு இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓடு, ஓட்டு. தானாக ஓடினால் ஓடு, இன்னொன்றை ஓட வைத்தால் ஓட்டு. பழைய ஆங்கிலத்திலும் இப்படி ஜோடி இருந்தது. தானாக ஓடுவதற்கு 'இர்னன்', குதிரையை ஓட்டிப் போவதற்கு 'ஆர்னன்'. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டது. நாம் பிரித்தே வைத்திருக்கிறோம், அவர்கள் ஒரே பாத்திரத்தில் கொட்டிவிட்டார்கள், அர்த்தம் இவ்வளவு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'ரன் எ ஷாப்' என்றால் கடையைச் சுற்றி யாரும் ஓடவில்லை, கடையை ஓட வைக்கிறார்கள். நாம் அங்கே நட என்ற சொல்லை எடுத்துக் கடையை நடத்துகிறோம், ஆனால் கஷ்ட காலத்தில் எப்படியோ குடும்பத்தை ஓட்டுகிறோம்.

அப்புறம் இயந்திரங்கள் வந்தன. ஆவி இயந்திரம், தறி, ரயில் என்று வந்த ஒவ்வொன்றும் ஓடியது, அதற்குப் பின்னால் கம்ப்யூட்டர் வந்து அதற்குள் புரோகிராமும் ஓட ஆரம்பித்தது. 'செட்' என்பது ஒன்றை ஓர் இடத்தில் அமர்த்தி வைக்கிற சொல், 'ரன்' நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிற சொல், காலம் எதன் பக்கம் போயிற்று என்று பார்த்தால் 'ரன்' முந்தியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

எல்லாமே தண்ணீரிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கால் ஓட்டத்திலிருந்து வந்தவையும் நிறைய. தேர்தலில் அமெரிக்கர்கள் ஓடுகிறார்கள், பிரிட்டிஷ்காரர்கள் நிற்கிறார்கள், அது பந்தயம் என்று பார்க்கிறவர்களுக்கும் முன்னால் வந்து நிற்பது என்று பார்க்கிறவர்களுக்கும் உள்ள வித்தியாசம். நாமும் நிற்கிற கட்சிதான். கிரிக்கெட்டில் 18ஆம் நூற்றாண்டில் குச்சியில் கத்தியால் வெட்டுப் போட்டு எண்ணினார்கள், அதனால் 'நாட்ச்' என்றார்கள், பிறகு 'ரன்' நிலைத்தது. இன்றைக்கு சிக்ஸர் அடித்தவர் ஓர் அடிகூட ஓடாமலே ஆறு ரன் வாங்குகிறார். வங்கியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் பாய்வதும் 'ரன்'தான், 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளுக்கு முன்னால் ஜனங்கள் வரிசையில் நின்றபோதும் அதற்கு இந்தப் பெயர்தான்.

கடைசியாக அக்கா மகள் கேட்டது 'ரன் அவுட்'. கிரிக்கெட்டில் தெரியும் மாமா, அரிசி எப்படி ரன் அவுட் ஆகும் என்றாள். அதற்குத்தான் சமையலறை. இந்தச் சொம்பில் தண்ணீர் இருக்கிறது, சாய்க்கிறேன், ஓடுகிறது, ஓடுகிறது... மெலிகிறது... சொட்டு... முடிந்தது. ஓடி முடிந்துவிட்டது, உள்ளே ஒன்றும் இல்லை. அரிசிக்கும் நேரத்துக்கும் பொறுமைக்கும் இதே சொம்பை வைத்துப் பார்த்துக்கொள் என்று சொன்னேன்.

நேற்று ராத்திரி ஊரிலிருந்து போன் பண்ணினாள். "மாமா, வயல்ல மோட்டார் ஓடுது, வாய்க்கால்ல தண்ணி ஓடுது, நான் வரப்புல ஓடுறேன், மூணுக்கும் ரன்னே போடலாமா?" என்று கேட்டாள்.

போடலாம் என்றேன்.