டோக்கன் இல்லை தோழரே, பெயர்!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். முன்னுரை அவ்வளவுதான். எதிரணித் தோழர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார், அதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு வேறு பேச்சு வராது.

'ஆப்பிரிக்கப் பெயர்களில் மேலோங்கி நிற்பது வழக்கமா, பாசமா?' என்பது தலைப்பு. வழக்கமே என்று பேச வந்தவர் கானா நாட்டு அகான் மக்களைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி, சனிக்கிழமை என்றால் குவாமே, திங்கள் என்றால் கோஜோ. "இதெல்லாம் பெயரா? ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாகக் கொடுப்பார்களே, அந்த டோக்கன்!" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

சரி, டோக்கன் என்றே வைத்துக்கொள்வோம். டோக்கனை என்ன செய்வோம்? டாக்டரைப் பார்த்து முடித்ததும் தூக்கிப் போட்டுவிட்டு வருவோம். இந்த டோக்கனை ஒருவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன், கொஞ்சம் காது கொடுங்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டு. அகான் மக்களில் ஒரு பிரிவான அசாந்தி இனத்துப் பையன், பத்து வயது இருக்கலாம். அவனைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கம் விற்றுவிட்டார்கள். வாங்கியது ஸ்லோக்கம் என்ற குடும்பம். அதனால் அவனும் ஸ்லோக்கம். ஊர் போச்சு, அம்மா போச்சு, பேசின பாஷைக்குப் பதில் பேச ஆள் இல்லை. கையில் மிஞ்சியது ஒரு வெள்ளிக்கிழமைதான். கோஃபி. வெள்ளைக்காரர்கள் வாயில் அது 'கஃபி' என்று ஆனது, ஆனாலும் அவன் விடவில்லை.

1740களில் விடுதலை கிடைத்தது. தச்சு வேலை பார்த்தார், மீன் பிடித்தார், விவசாயம் செய்தார், 1766இல் 116 ஏக்கர் நிலமே வாங்கினார். பத்துப் பிள்ளைகள். 1772இல் கண்ணை மூடினார். இப்போது கவனியுங்கள். அப்பா போய் ஆறு வருஷம் கழித்து, 1778 வாக்கில், பால் என்ற மகன் அண்ணன்மார் அக்காமாரைக் கூப்பிட்டு, நமக்கு இந்த ஸ்லோக்கம் வேண்டாம் என்கிறார். அப்போது அவருக்கு வயது 19. அப்படியானால் குடும்பப் பெயராக எதை வைப்பது? அப்பா பெயரையே. கஃபி!

மறுபடியும் சொல்கிறேன், ஒரு தடவை சொல்லி எனக்கு ஆறாது. எஜமானன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமையை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். யார் ஞாயிறு பிறந்தார்களோ, யார் புதன் பிறந்தார்களோ, அப்பாவுக்காக அநேகமாக எல்லோரும் வெள்ளிக்கிழமை ஆனார்கள். தோழரே, டோக்கனை யாராவது பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப் போவார்களா?

அந்த பால் கஃபி பிறகு கப்பல் முதலாளி ஆனார். 1812இல் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்து அதிபர் மேடிசனிடம் நேரில் பேசினார். 1815 கடைசியில் தன் சொந்தக் கப்பலில் 38 கறுப்பின மக்களை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் புறப்பட்டார். அப்பாவைச் சரக்காகக் கொண்டுபோன அதே அட்லாண்டிக் கடல்! மகன் சொந்தக் கப்பலில், அப்பா பெயரோடு, அப்பாவின் கண்டத்துக்குத் திரும்பி வருகிறார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அகான் மக்கள் இந்தக் கிழமைப் பெயரை ஆன்மாவின் பெயர் என்கிறார்கள். உயிர் எந்த நாளில் பூமிக்கு இறங்கியதோ, அந்த நாளை உயிரோடு சேர்த்தே கூப்பிடுகிறார்கள். அது போக எட்டாம் நாள் அப்பா தன் பங்குக்கு இன்னொரு பெயர் வைப்பார், பெரும்பாலும் குடும்பத்தில் மதிப்போடு வாழ்ந்த ஒரு பெரியவரின் பெயர். அன்றைக்குப் பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பார்கள், அப்புறம் ஒரு சொட்டு மது. தண்ணீரைத் தண்ணீர் என்று சொல், மதுவை மது என்று சொல் என்று, எட்டு நாள் பிள்ளையிடம் உண்மை பேசக் கேட்டுக்கொள்கிறார்கள். எந்த கவுண்டரில் டோக்கனோடு இதையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் ஐயா. நைஜீரியாவின் யொரூபா வீடுகளுக்கு மட்டும் போய்விட்டு வந்துவிடுகிறேன்.

ஒரு தாய்க்குப் பிள்ளைகள் பிறந்து பிறந்து சாகின்றன. போன பிள்ளையேதான் திரும்பத் திரும்ப வந்து பிறக்கிறது, அதற்கு நம் வீட்டில் தங்க மனசில்லை என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அடுத்தது பிறந்ததும் பெயராலேயே கெஞ்சினார்கள். மாலோமோ என்று வைத்தார்கள், இனிமேல் போகாதே என்று அர்த்தம். துரோஜாயே என்று வைத்தார்கள், இங்கேயே இரு, வாழ்ந்து பார். நம் ஊரிலும் முன்னே பிறந்தவை தங்காத வீடுகளில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை, குப்பை என்று பெயர் வைத்தார்களே, அந்தப் பாட்டிகளிடம் போய்க் கேளுங்கள், வழக்கமா பாசமா என்று.

இன்னொரு பெயர், பான்ஜோகோ. என்னோடு உட்கார். யோசித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளை தங்கிவிட்டான், ஏழு வயது, எட்டு வயது, தெருவில் புழுதியில் விளையாடுகிறான். இருட்டுகிறது. சோறு ஆறுகிறது. அம்மா வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடுகிறாள்: "பான்ஜோகோ! பான்ஜோகோ!"