பூங்காவைச் சுத்தம் செய்யப் போகிறீர்களா? சுவரைத் தேய்க்கும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: காலை ஆறு மணி. மாநகராட்சிப் பூங்காவின் நடைபாதை.]

வணக்கம். உங்கள் பகுதிப் பூங்காவை நாலு பேர் சேர்ந்து சுத்தம் செய்வதென்று முடிவெடுத்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். குப்பையை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். கிறுக்கலை அழிப்பது அப்படியல்ல. எதன் மேல் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கை வைத்தால், எழுதியவரைவிட நாம்தான் அதிகம் கெடுத்துவிடுவோம்.

முதலில் குப்பை. முந்தின நாளே வார்டு அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். தினமும் அங்கே பெருக்கும் தூய்மைப் பணியாளரிடமும் பேசுங்கள். எந்தப் புதருக்குப் பின்னால் பாட்டில் சேரும், வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

[காட்சி: கையுறை, நீள இடுக்கி, இரண்டு சாக்கு, ஓர் அட்டைப் பெட்டி.]

மக்குவது ஒரு சாக்கில், மக்காதது இன்னொன்றில். உடைந்த கண்ணாடி மட்டும் அட்டைப் பெட்டிக்குள். ஒட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதுங்கள். சாக்கில் போட்டால், அதைத் தூக்குகிறவர் கையைக் கிழித்துவிடும்.

பாட்டில்கள் தானாகவே கண்ணில் படும். குனிந்து தேட வேண்டியது சிகரெட் துண்டு. பஞ்சு போலத் தெரிந்தாலும் அந்த ஃபில்டர் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். டீ குடித்துவிட்டு எறிந்த பேப்பர் கப்பிலும் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அந்தக் கப்பும் ஒன்று. இரண்டும் மக்காத சாக்குக்கே.

சரி, இப்போது கிறுக்கல்.

[காட்சி: கரி எழுத்து, ஸ்பிரே பெயின்ட், கீறிய பெயர்.]

கரி, சாக்பீஸ் என்றால் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். இரும்பு பெஞ்சில் பெயின்ட் என்றால், துணியில் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் கொஞ்சம் தொட்டு ஓர் ஓரத்தில் துடைத்துப் பாருங்கள். பெஞ்சின் நிறமும் சேர்ந்து வந்தால் நிறுத்திவிடுங்கள். தின்னர் சட்டென்று தீப்பிடிக்கும், மண்ணில் சிந்தவும் கூடாது. கீழே செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த சுவரைத் தேய்க்கவே வேண்டாம். அடியில் பூசும் பிரைமர் ஒரு பூச்சு, அதன் மேல் அதே நிறம். அனுமதி வாங்கும்போதே அந்த நிறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூசாத செங்கலும் கல்லும் வேறு. தின்னர் ஊற்றினால் நிறம் கரைந்து துளைகளுக்குள் இறங்கிவிடும். கம்பி பிரஷ் கல்லையே சுரண்டிவிடும். பழைய கல் என்றால் கை வைக்காமல் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளில் பல நூற்றாண்டுக் கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே நம் காலத்துப் பெயர்களும் கிடக்கின்றன. அங்கே ஆர்வத்தில் யாராவது அழுத்தித் தேய்த்தால் கல்வெட்டும் சேர்ந்து போய்விடும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் மரம். இலை தயாரிக்கும் உணவு வேருக்குப் போவது பட்டையின் உட்புறம் வழியாக. கத்தியால் எழுதும்போது அந்த வழிதான் அறுபடுகிறது. மரம் உயர்வது நுனியில் என்பதால் பெயர் மேலே ஏறாது. தண்டு பருக்கப் பருக்க எழுத்து அகலமாகும், அவ்வளவுதான். அதைச் செதுக்கி எடுக்க முயன்றால் காயம் பெரிதாகும். சிமென்ட், பெயின்ட் எதுவும் பூசாதீர்கள். அப்படியே விட்டுவிடுங்கள்.

[காட்சி: சாக்குகள் வண்டியில் ஏறுகின்றன.]

வண்டி வரும்வரை சாக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் நில்லுங்கள், இல்லையென்றால் நாய் இழுத்துவிடும். அடுத்த ஞாயிறு அதே இடங்களைச் சுற்றி வாருங்கள். எங்கே மறுபடி குப்பை சேர்ந்திருக்கிறதோ, அங்கே ஒரு தொட்டி கேட்டு வார்டு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுங்கள்.