வலது பக்கம் வலிச்சா எல்லாமே குடல்வால் இல்ல

எல்லாருக்கும் வணக்கம். அடிவயித்துல வலது பக்கம் வலின்னு ஒருத்தர் துடிச்சா வீட்ல இருக்கறவங்க, பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டோல கூட்டிட்டு வந்தவர் வரைக்கும் எல்லாரும் அப்பெண்டிக்ஸ்தான்னு சொல்லிடுவாங்க, பெரும்பாலும் அது சரியாவும் இருக்கும். ஆனா அதே இடத்துல அதே மாதிரி வலிக்கிற இன்னொண்ணு இருக்கு, சீக்கத்துல வர்ற டைவர்டிகுலைட்டிஸ்னு பேரு, அதுல நெறைய பேருக்கு ஆபரேஷனே வேண்டாம், அதனாலதான் இன்னிக்கு அத பத்தி பேசறேன்.

சிறுகுடல் பெருங்குடலோட சேர்ற இடம் சீக்கம். குடல்வாலும் அதுலருந்துதான் தொங்குது. சிலருக்கு அந்த சீக்கத்தோட சுவர்ல, பழைய சைக்கிள் ட்யூப் ஒரு இடத்துல புடைச்சுக்கிற மாதிரி, ஒரு சின்ன புடைப்பு இருக்கும், அதுதான் டைவர்டிகுலம். ஒத்தையா ஒண்ணு மட்டும் இருந்தா பிறவியிலேயே வந்ததா இருக்கலாம், பலதா இருந்தா பெரும்பாலும் பின்னாடி வந்தது. சும்மா இருக்கற வரைக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது, மலம் அடைச்சு கிருமி பெருகி வீங்கினா அது டைவர்டிகுலைட்டிஸ். 1912லயே போத்தியேங்கற டாக்டர் இத விவரிச்சுட்டார். மேற்கு நாடுகள்ல இந்த வியாதி அதிகமா இடது பக்கம்தான் வரும், ஜப்பான், கொரியா, சிங்கப்பூர் பக்கமெல்லாம் வலது பக்கம் அதிகம், அதுவும் நடுத்தர வயசுக்காரங்களுக்கே வரும். அதனால மேல்நாட்டு புக்ல அபூர்வம்னு இருக்கறத வெச்சு ஆசியாவுல இருக்கற நாம மறந்துடக்கூடாது.

எப்படி வித்தியாசம் தெரியும்? குடல்வால் வலி வழக்கமா தொப்புள சுத்தி ஆரம்பிச்சு சில மணி நேரம் கழிச்சு வலது பக்கம் கீழ இறங்கும், சாப்பாடு பிடிக்காது, வாந்தி வரும். டைவர்டிகுலைட்டிஸ் வலி ஆரம்பத்துலருந்தே வலது பக்கம்தான், நாலஞ்சு நாள் இழுத்துக்கிட்டே இருக்கும், வாந்தி கம்மி, ஆள் பாக்கறதுக்கும் அவ்வளவு சோர்வா இருக்க மாட்டார். ஆனா உண்மைய சொல்றேன், கைய வெச்சு அமுக்கி பாத்து மட்டும் எந்த டாக்டராலயும் இத உறுதியா பிரிக்க முடியாது, காய்ச்சல், ரத்தத்துல வெள்ளணு ஏறுறது எல்லாம் ரெண்டுலயும் வரும். ஸ்கேன்தான் சொல்லும். கர்ப்பிணி, குழந்தைங்கன்னா முதல்ல அல்ட்ராசவுண்ட், மத்தவங்களுக்கு சந்தேகம் இருந்தா மருந்து ஏத்தி எடுக்கற சிடி. அதுல குடல்வால் நார்மலா தெரிஞ்சு, பக்கத்துல சீக்கம் தடிச்சு, அந்த புடைப்பும் சுத்தி இருக்கற கொழுப்பும் வீங்கியிருந்தா டைவர்டிகுலைட்டிஸ்தான்னு முடிவாயிடும். "டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்கேன் வேணுமா"ன்னு நீங்க தாராளமா கேக்கலாம், தப்பே இல்ல.

சீழ் கட்டல, ஓட்டை விழலன்னா வயித்துக்கு ஓய்வு, ட்ரிப்ஸ், ஆன்டிபயாட்டிக், அவ்வளவுதான், பெரும்பாலானவங்க இதுலயே சரியாயிடறாங்க. பெரிய சீழ்க்கட்டின்னா ஸ்கேன் பாத்துக்கிட்டே குழாய் விட்டு வெளிய எடுப்பாங்க. குடல் கிழிஞ்சு சீழ் வயிறு முழுக்க பரவினா மட்டும் காத்திருக்கவே கூடாது, உடனே ஆபரேஷன். ஸ்கேன் எடுக்காம குடல்வால்னு நினைச்சு திறந்து பாத்தா இந்த வீக்கம் கட்டி மாதிரி இருக்கும், கேன்சரா இல்லையான்னு ஆபரேஷன் மேஜையில சொல்ல முடியாது, அப்போ வலது பக்க பெருங்குடலையே வெட்டி எடுக்க வேண்டி வந்துடுது. முன்னாடியே ஸ்கேன் எடுங்கன்னு நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணமே இதுதான்.

குணமான பிறகு ஆறு வாரம் போல கழிச்சு டாக்டர் கொலனோஸ்கோபி (கேமரா வெச்ச குழாய விட்டு பெருங்குடல உள்ள பாக்கறது) சொன்னா தட்டிக்கழிக்காதீங்க, கேன்சரும் நம்ம ஊர்ல குடல் டிபியும் இதே இடத்துல இதே வேஷத்துல வரும். டிஸ்சார்ஜ் சம்மரிய பத்திரமா வைங்க, குடல்வால எடுத்தாங்களா விட்டாங்களான்னு அதுல எழுதியிருக்கான்னு பாருங்க, ஏன்னா வலது பக்கம் தழும்ப பாத்ததும் அடுத்த டாக்டர் அத எடுத்தாச்சுன்னு நினைச்சுடலாம்.

அப்புறம் கொய்யா விதை, தக்காளி விதை போய் அடைச்சுக்குமான்னு எல்லாரும் கேக்கறாங்க. 2008ல அமெரிக்காவுல 47,000க்கும் மேல ஆம்பளைங்கள 18 வருஷம் பின்தொடர்ந்து பாத்த ஆய்வு வந்துச்சு, கொட்டைப் பருப்பு, சோளம், பாப்கார்ன் சாப்பிட்டவங்களுக்கு டைவர்டிகுலைட்டிஸ் கூடல. அங்க இடது பக்கம்தான் அதிகம்ங்கறது வேற விஷயம், ஆனா விதைக்கு பயந்து பழத்தையே நிறுத்தற அளவுக்கு ஒண்ணும் இல்ல, சாப்பிடுங்க.