துரும்பு இல்லை, கப்பல்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'அமெரிக்க வரலாற்றைத் திருப்பியவர்கள் பேர்பெற்ற தலைவர்களா, பேர் மறந்துபோன எளியவர்களா' என்ற தலைப்பில், மறந்துபோனவர்கள் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், லிங்கன் கையெழுத்துப் போட்டார், அடிமைகள் விடுதலை ஆனார்கள் என்றார். மார்ட்டின் லூதர் கிங் அழைத்தார், கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள் என்றார். போகிற போக்கில், "சிறு துரும்பும் பல் குத்த உதவும், எளியவர்களும் உதவியிருப்பார்கள்" என்று எங்களுக்கு ஆறுதல் வேறு சொன்னார். ஐயா, நான் சொல்லப்போகிற ஆள் துரும்பு இல்லை. ஒரு கப்பலையே ஓட்டிக்கொண்டு போனவர்!

ராபர்ட் ஸ்மால்ஸ். தென் கரோலினாவின் பியூஃபோர்ட் ஊரில் 1839இல் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போர் நடக்கிறது. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், அடிமை முறையைக் காக்கச் சண்டை போடும் தெற்குப் படையின் 'பிளான்டர்' கப்பலில் சுக்கான் பிடிக்கிற வேலை அவருக்கு. அவர் மனைவி ஹன்னாவுக்கு வேறொரு எஜமான். மனைவியையும் மகளையும் விடுவிக்க அந்த எஜமான் கேட்ட விலை 800 டாலர். ஸ்மால்ஸ் கையில் இருந்தது 100. கட்டிய மனைவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், நடுவர் அவர்களே! மீதி 700ஐ அவர் எந்தக் காலத்தில் சேர்ப்பது?

1862 மே 13. வெள்ளைக்கார அதிகாரிகள் இரவு கரையில் தங்கப் போய்விட்டார்கள். விடிவதற்கு முன்பே ஸ்மால்ஸும் மற்ற அடிமை மாலுமிகளும் கொதிகலனை மூட்டிக் கிளம்பினார்கள். இன்னொரு துறையில் காத்திருந்த குடும்பங்களை ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் கோட்டைகள், பீரங்கிகள். ஸ்மால்ஸ் என்ன செய்தார் தெரியுமா? கேப்டனின் வைக்கோல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, கேப்டன் நிற்கிற மாதிரியே நின்றார். கோட்டைகளைக் கடக்கும்போது கொடுக்க வேண்டிய ஊதல் சைகையைப் பிசகாமல் கொடுத்தார். சம்டர் கோட்டைக் காவலர்களும் நம்ம கப்பல்தானே என்று விட்டுவிட்டார்கள். பீரங்கி எட்டாத தூரம் வந்ததும் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக ஏற்றி, லிங்கன் பக்கத்து வடக்குக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். வயது 23!

லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்தது 1863 ஜனவரி 1. ஏழு மாதத்துக்கு முன்பே ஸ்மால்ஸ் தன்னையும் குடும்பத்தையும் விடுவித்துவிட்டார். அப்புறம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினரும் ஆனார். எந்த வீட்டின் பின்கட்டில் அடிமையாகப் பிறந்தாரோ, அதே வீட்டை வரி பாக்கி ஏலத்தில் வாங்கினார். வீட்டின் பழைய சொந்தக்காரர் வழக்குப் போட்டுப் பார்த்தார். உச்ச நீதிமன்றம் வரை போய் அவரே ஜெயித்தார்.

சரி, கிங்குக்கு வருவோம். அலபாமாவின் மாண்ட்கோமரி. 1955 மார்ச் 2 அன்று பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விடமாட்டேன் என்று கைதானவர் கிளாடெட் கால்வின், 15 வயதுப் பள்ளி மாணவி. அதே காரணத்துக்காக, எல்லாரும் பேர் சொல்கிற ரோசா பார்க்ஸ் கைதானது அதற்கு ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 1. அன்றிரவு ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை பேருந்தில் ஏறாதீர்கள் என்று விடிய விடிய பல்லாயிரம் துண்டறிக்கைகளைப் படியெடுத்தார். 5ஆம் தேதி காலை பேருந்துகள் காலியாக ஓடின. கிங்கைப் போராட்டத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது அன்றைக்குப் பிற்பகல்! நேரத்தைக் கவனியுங்கள் நண்பரே, காலை முதலில், பிற்பகல் அப்புறம். பேருந்தில் நிறப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பு வாங்கிய வழக்கைத் தொடுத்ததும் நான்கு பெண்கள்தான். அதில் ஒருத்தி கால்வின்.

கிங்கின் குரல் இல்லாமல் அந்தப் புறக்கணிப்பு 381 நாள் தாக்குப்பிடித்திருக்காது. அதை ஒத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் குரலை ஊற்றி வண்டி ஓட்ட முடியாதே! ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரம்மா, கோழி வறுத்தும் கேக் சுட்டும் விற்று, போராட்டக்காரர்களை ஏற்றிப்போன கார்களுக்குப் பணம் சேர்த்தார். அவர் சேர்த்த பெண்கள் குழுவுக்கு வைத்த பெயர் 'எங்கிருந்தோ வந்த மன்றம்'. காசு எங்கிருந்து வந்தது என்று யாராவது துருவினால், பெயரையே பதிலாகச் சொல்லிவிடலாம். உதவியவர்களுக்கு வேலையும் போகாது.

எதிரணி நண்பர் அடுத்து எழும்போது, கிங்கின் பேச்சைக் கேட்டு முடித்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விட்ட காருக்கு யார் பெட்ரோல் போட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், உட்காருகிறேன்.